பேருந்தா, பெட்டியா, பாறையா, அலமாரியா? உள்ளூர் வரலாறு சொல்லித்தர அருங்காட்சியகத்தை எந்த வழியில் பயன்படுத்துவது

ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கத்துச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "வருசத்துக்கு ஒரு தடவைதான் தலைமையாசிரியர் சரி என்பார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கொஞ்சம் பணம் இருக்கிறது. பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போவதா, நேராகக் கொடுமணலுக்கே போய்விடுவதா, இல்லை அந்தப் பணத்தில் பள்ளியிலேயே ஒரு அலமாரி வாங்கிப் பழைய சாமான்களை வைத்துவிடுவதா?"

கேள்வி வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் தமிழகத்தின் பண்டைய நகரங்கள் என்று பூம்புகாரும் மதுரையும் காஞ்சியும் வருகின்றன. சென்னிமலையில் படிக்கிற பிள்ளைக்கு மூன்றும் வெளியூர். அகழாய்வு நடந்த பக்கத்து ஊரான கொடுமணல் மேல்வகுப்பில் ஓரிரு வரியில் வந்து போகும். தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார் என்று பாடத்தில் இருக்கும். அவர் கோட்டை கட்டிய ஓடாநிலை அந்தப் பிள்ளையின் ஊரிலிருந்து டவுன் பஸ் தூரம் என்பது அதில் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்ப ஆசிரியருக்குத் துணை வேண்டும். கொங்கில் அதற்கு இடங்கள் உண்டு. ஈரோட்டில் வ.உ.சி. பூங்கா வளாகத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கோவை, கரூர், சேலத்திலும் அரசு அருங்காட்சியகங்கள் உண்டு. கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும், அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் தொழிற் கண்காட்சியும் வேறு.

இடம் இருக்கிறது. அதைப் பள்ளியோடு எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் நாலு வழி பிரிகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலான பள்ளிகள் பேருந்து வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கின்றன. நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, பார்க்கப்போகும் பொருள் பிள்ளையின் ஊரோடு எவ்வளவு ஒட்டியது. கீழடி அருங்காட்சியகம் அருமையானது, மறுப்பில்லை. ஆனால் பெருந்துறைப் பள்ளி கீழடிக்குப் போய்வந்தால் அது தமிழக வரலாறு; உள்ளூர் வரலாறு அல்ல.

இரண்டாவது, பிள்ளையின் கைக்கு என்ன வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது ஒன்று. தொட்டு, அளந்து, வரைந்து, ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவது வேறு. மூன்றாவது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பது. முப்பது பேருக்குச் சரியாக வரும் காரியம் நூற்றிருபது பேருக்கு வராது.

நான்காவது, கணக்கில் எழுதாத செலவு. ஓட்டுநர் பேட்டா, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை, அன்று மற்ற வகுப்புகளை யார் பார்ப்பது, யாருக்காவது வாந்தி வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் இதில் சேரும்.

ஐந்தாவதுதான் யாரும் பார்க்காதது: அடுத்த ஆண்டு என்ன மிஞ்சும்? இடமாறுதல் கலந்தாய்வில் அந்த ஆசிரியர் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டால், பள்ளியில் என்ன இருக்கும்?

ஐந்தும் சம எடை இல்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதும் ஐந்தாவதும் கனமானவை. வாடகையை எப்படியாவது திரட்டிவிடலாம். ஒரு நாள் வேடிக்கையாக முடிந்துபோன பயணத்தைத் திரும்ப நடத்த அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

## பேருந்து: பிள்ளைகள் அருங்காட்சியகத்துக்குப் போவது

இதன் பலம், பல ஊர்ப் பொருள்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பது. ஊர்க்கோடியில் ஒரு நடுகல்லைப் பார்த்த பிள்ளைக்கு அது ஒரு கல். ஐந்து நடுகற்களை வரிசையாகப் பார்க்கும்போதுதான் கண் வேலை செய்யத் தொடங்கும். இதில் இருப்பவர் கையில் வாள், அதில் ஈட்டி. இதில் எதிரே ஆள், அதில் புலி என்று தானாகவே பிரிக்கும். மாடுகளைக் காக்கப் புலியோடு மோதிச் செத்தவனுக்கு நட்ட புலிகுத்திக்கல் கொங்கில் ஏராளம். காடும் மேய்ச்சலும் இந்த நாட்டின் பிழைப்பாக இருந்தன என்று நாம் பத்து நிமிடம் பேசுவதை அந்த வரிசை ஒரு பார்வையில் காட்டிவிடும். முதுமக்கள் தாழியும் அப்படித்தான். புத்தகத்தில் கட்டைவிரல் அளவில் பார்த்தது, நேரில் தன் இடுப்பு உயரத்துக்கு நிற்கும்போது, "இதுக்குள்ளயா சார் ஆளை வெச்சாங்க?" என்ற கேள்வி கேட்காமலே வரும்.

பலவீனம் பயணத் திட்டத்தில் இருக்கிறது. பேருந்து பிடித்தாயிற்று, வாடகைக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று பவானிசாகர் அணை, ஒரு கோயில், ஒரு பூங்கா எல்லாம் அட்டவணையில் ஏறிக்கொள்ளும். அருங்காட்சியகத்துக்கு மிஞ்சுவது மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரம். இரண்டு பேருந்துப் பிள்ளைகள் ஒரே சமயத்தில் உள்ளே நுழைந்து, பாடம் செய்த விலங்குகளுக்கு முன்னால் மட்டும் கூட்டம் கூடி, மறுவாசல் வழியாக வெளியே வந்துவிடுவதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. சில பள்ளிகள் கையில் நோட்டைக் கொடுத்து, அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதச் சொல்கின்றன. அதற்கு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இந்த வழியை எடுப்பதானால் மூன்று காரியம் செய்தாக வேண்டும். அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பல மாவட்ட அருங்காட்சியகங்களில் விளக்கிச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான், ஆய்வுக்கு வெளியே போயிருந்தால் காவலரோடு திரும்ப வேண்டியதுதான். பிள்ளைகளை இருபது இருபதாகப் பிரியுங்கள்; ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்ற குழு வெளியே திறந்தவெளியில் இருக்கும் கற்சிற்பங்களை வரையட்டும். மூன்றாவது, ஒரு குழுவுக்கு ஒரே ஒரு கேள்வி. "இந்தக் கூடத்தில் நம் தாலுகாவிலிருந்து வந்த பொருள்கள் எவை? அவை ஏன் இங்கே வந்தன?" இந்த ஒரு கேள்வி போதும், அரை நாள் ஓடிவிடும்.

யாருக்கு ஏற்றது: ஈரோடு, கோவை, கரூர், சேலம் நகரப் பள்ளிகளுக்கு. நடந்தோ டவுன் பஸ்ஸிலோ போக முடிந்தால் ஒரு வகுப்பாகப் பிரித்து ஆண்டில் மூன்று நாலு தடவைகூடப் போகலாம். எட்டாம் வகுப்புக்கு மேல் இன்னும் நல்லது. தொழில் வரலாறு சொல்லித்தரவும் இதுவே வழி. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும், முப்பதுகளில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய ஆலைகளும்தான் கோவையை இன்றைய கோவையாக்கின. இயந்திரங்களைப் பெட்டியில் போட்டுப் பள்ளிக்கு அனுப்ப முடியாது.

## பெட்டி: அருங்காட்சியகம் பள்ளிக்கு வருவது

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதை யாரும் கேட்பதே இல்லை.

பிரிட்டனில் பல அருங்காட்சியகங்கள் பள்ளிகளுக்குப் பொருள்பெட்டியை வாடகைக்கோ இலவசமாகவோ அனுப்புவது நெடுநாள் வழக்கம். நம் நாட்டிலும் புதிதில்லை. கொல்கத்தாவின் பிர்லா தொழில் அருங்காட்சியகம் 1965லேயே பேருந்தில் அறிவியல் கண்காட்சியை ஊர் ஊராக அனுப்பியது. மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் 2015 முதல் பேருந்தில் பள்ளிகளுக்குப் போகிறது. கொங்கில் ஒரு பள்ளிக்குப் பேருந்து வேண்டாம். ஒரு டிரங்குப் பெட்டியும் அரை நாளும் போதும்.

பெட்டிக்குள் அசல் பொருள் வராது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளும் பதிவேட்டில் எண்ணிட்டு இருக்கும். ஒன்று தொலைந்தால் காப்பாட்சியர்தான் பதில் சொல்ல வேண்டும். வரக்கூடியவை சாந்தில் வார்த்த மாதிரிகள், நாணயங்களின் பெரிதாக்கிய படங்கள், கல்வெட்டின் மைப்படி நகல்கள். அத்தோடு காப்பாட்சியரோ, கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியரோ ஒருவர் வந்தால் பெட்டி முழுமையாகிவிடும்.

இரண்டு பாடம் சொல்கிறேன், இவை பெட்டியில் பிரமாதமாக வரும்.

ஒன்று, மணி. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற கொடுமணல் நொய்யல் கரையில் இருக்கிறது. 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. கிடைத்தவற்றில் பலரும் சொல்வது விலையுயர்ந்த கல்மணிகள். வகுப்புக்கு அதைவிடப் பயன்படுவது, முடிக்காத மணிகளும் கிடைத்தன என்பதுதான். உடைத்த கல், உருட்டிய கல், தேய்த்து மெருகேற்றியது, துளை பாதியில் நின்றது என்று எல்லாப் படியும் அந்த மண்ணில் இருந்தது. இந்தப் படங்களைக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள்: "வெளியூரிலிருந்து வாங்கி வந்திருந்தால் பாதி துளைத்த மணி இங்கே ஏன் கிடக்கிறது?" இங்கேயே செய்தார்கள் என்ற பதிலை ஆறாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். பச்சைக்கல்லுக்குப் படியூர் பக்கத்தில் இருக்கிறது, கல் எங்கிருந்து வந்தது என்ற அடுத்த கேள்விக்கும் வரைபடத்தில் விரல் வைக்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையையும் கரூரையும் இணைத்த பாதை, ரோமானியக் காசுகள் கிடைத்த வெள்ளலூர், எல்லாம் அந்த ஒரே வரைபடத்தில் வந்துவிடும்.

இன்னொன்று மைப்படி. கல்வெட்டைப் படியெடுப்பது எப்படி என்று புத்தகத்தில் படித்தால் ஒன்றும் புரியாது. கல்லை ஈரத்துணியால் துடைத்து, தண்ணீரில் நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டத் தட்டத் தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கும். ஈரம் பாதி காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பந்தால் மெல்ல ஒற்ற வேண்டும். மேடான இடம் கறுக்கும், குழிந்த எழுத்து வெள்ளையாக நிற்கும். இதைப் பழைய கல்வெட்டில் பிள்ளைகளை வைத்துச் செய்யவே கூடாது. ஆனால் ஒவ்வொரு அரசுப் பள்ளிச் சுவரிலும் கட்டடத் திறப்புவிழாக் கல் ஒன்று பதித்திருக்கும். யார் திறந்தார், யார் முன்னிலை, எந்தத் தேதி எல்லாம் அதில் உண்டு. அதைப் படியெடுக்கட்டும். தாள் கிழியும், மை சிந்தும், சட்டை வீணாகும், ஆனால் அந்தத் தாளை உரித்துத் தூக்கிப் பிடிக்கிற நிமிடத்தில் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும். அதே நேரம், "நூறு வருசம் கழித்து ஒருவர் இதைப் படித்தால் நம் பள்ளியைப் பற்றி என்ன தெரிந்துகொள்வார்? என்ன தெரியாது?" என்றும் கேட்கலாம். கட்டிய கொத்தனார் பெயர் அதில் இருக்காது. அரசர் கல்வெட்டுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் இல்லை.

மறைந்த செலவு இங்கே பணமாக வராது, ஆசிரியரின் நேரமாக வரும். பெட்டி வருவதற்கு முன் அவர் ஒரு நாள் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடிதம், திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு எல்லாம் உண்டு. "இது அசல் அல்ல, மாதிரி" என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். மறைத்தால் என்றைக்காவது ஒரு நாள் அசலைப் பார்க்கும்போது நம்மைத்தான் சந்தேகப்படுவார்கள்.

யாருக்கு ஏற்றது: சின்னப் பள்ளிகளுக்கும் தொலைவான பள்ளிகளுக்கும். தாளவாடியிலிருந்து ஈரோட்டுக்கு வர வேண்டுமானால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் பிள்ளைகளோடு இறங்கி ஏற வேண்டும். பர்கூர் மலைப் பள்ளிகளின் நிலையும் ஏறக்குறைய அதுதான். நடக்க முடியாத பிள்ளை ஒருவர் வகுப்பில் இருந்தாலும் பெட்டிதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். பயணத்தில் விடுபடுவது எப்போதும் அந்தப் பிள்ளைதான்.

## பாறை: அருங்காட்சியகத் துணையோடு இடத்துக்கே போவது

கேட்கும்போது எல்லோருக்கும் பிடிப்பது இதுதான். ஆனால் எல்லா இடமும் பிள்ளைகளுக்கு ஏற்றதில்லை, பெயர் பெற்ற இடம்தான் ஏமாற்றும்.

கொடுமணலையே எடுத்துக்கொள்ளுங்கள். அகழாய்வுக் குழிகளை மூடிவிட்டார்கள். போய் நின்றால் பெரும்பாலும் விவசாயக் காடுதான். பெருங்கற்காலக் கல்வட்டங்களைக் காட்டலாம், அதையும் தெரிந்தவர் ஒருவர் சுட்டிக்காட்டினால்தான் உண்டு. இல்லாவிட்டால், "ஏனுங்க சார், இங்க ஒண்ணுமே இல்லீங்களே" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம். பட்டா நிலத்துக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் அறுபது பேரோடு வரப்பில் இறங்கினால் வேறு வம்பு.

அரச்சலூர் அப்படியில்லை. அங்குள்ள நாகமலையில் ஒரு குகைப் பாறையில் பழைய தமிழ் எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. புலவர் செ. இராசு வெளிக்கொண்டுவந்த கல்வெட்டு அது. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. முதல் வரி "த தை தா தை த". இரண்டாவது "தை தா தே தா தை". இடமிருந்து வலம் படித்தாலும் வலமிருந்து இடம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றே. வரலாறு என்றால் கொட்டாவி விடுகிற பிள்ளையும் கை தட்டித் தாளம் போட்டுப் பார்க்கும். எழுத்துகளைச் சேர்த்து அமைத்தவர் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் அங்கேயே இருக்கிறது. வண்ணக்கன் என்றால் காசுகளைச் சோதித்துப் பார்ப்பவர். காசு பார்க்கிற தொழிலுக்காரர் தாளக்கட்டு எழுதியிருக்கிறார் என்பதே ஒரு பாடவேளைக்குப் போதும். அங்கிருந்து ஓடாநிலை பக்கம்தான். தீரன் சின்னமலை மணிமண்டபத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

ஆனால் ஏற்றம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, மலைத்தேனீ இருக்கிறது. பாறை எழுத்து உச்சிவெயிலில் கண்ணுக்குத் தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சம் வேண்டும். அருங்காட்சியகத்தின் துணை இங்கேதான் தேவைப்படுகிறது. மைப்படி நகலை முதல் நாளே வகுப்பில் படிக்கப் பழக்கிவிட்டால், பாறைக்கு முன் நிற்கும்போது பிள்ளைகள் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். இல்லையென்றால் பாறையில் கிறுக்கலைத்தான் பார்ப்பார்கள். சாக்பீஸால் எழுத்தை நிரப்பிப் படம் எடுக்கிற பழக்கம் சில பயணக் குழுக்களுக்கு உண்டு. அது கல்வெட்டுக்குக் கேடு, பிள்ளைகளுக்கு அதைவிடக் கேடான பாடம்.

கரூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டார்மலை இருக்கிறது. அங்குள்ள புகளூர்க் கல்வெட்டு சேர மரபின் மூன்று தலைமுறைப் பெயரை ஒரே கல்லில் சொல்கிறது. "உன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயரை அதே மாதிரி ஒரு வரியில் எழுது" என்றால் முடிந்தது. தொடக்கப் பள்ளிக்கு மலையே வேண்டாம், காலிங்கராயன் வாய்க்கால் போதும். பவானிக் கூடுதுறை அருகே தொடங்கி நொய்யல் வரை சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிற, 13ஆம் நூற்றாண்டில் வெட்டியதாகச் சொல்லப்படும் வாய்க்கால். கரையில் இருக்கிற பள்ளிக்கு வண்டிச் செலவே கிடையாது. தண்ணீர் ஏன் நேராகப் போகாமல் வளைகிறது என்ற கேள்வியில் கணக்கும் புவியியலும் சேர்ந்துகொள்ளும். ஆழத்தை மட்டும் மறக்கக் கூடாது. தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் கரையோரம் ஒவ்வொரு பிள்ளைமேலும் கண் வைக்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது: இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் பள்ளி, ஏழாம் வகுப்புக்கு மேல், முப்பது நாற்பது பேர், கூட வர ஒரு தெரிந்தவர். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பேருந்தோ பெட்டியோ மேல்.

## அலமாரி: பள்ளியிலேயே ஒரு மூலை

செலவு குறைவு, ஆபத்து அதிகம். ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளிடம் "பழைய சாமான் கொண்டு வாங்க" என்று சொன்னால் செம்புக் காசு வரும், ஓலைச்சுவடி வரும், வயலில் உழும்போது கிடைத்த பானை ஓடு வரும், சில சமயம் சாமி சிலைகூட வரும். மண்ணுக்குள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்கும், எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட அரிய சுவடிகளுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. பள்ளி அலமாரி இவற்றுக்கான இடமல்ல. கிராம நிர்வாக அலுவலரிடமும் காப்பாட்சியரிடமும் சொல்லிவிடுங்கள். அகழாய்வு மேட்டிலிருந்து பிள்ளைகள் ஓடு பொறுக்கி வருவதை ஊக்குவிக்கவே வேண்டாம். எந்த இடத்தில் எந்த ஆழத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் ஓடு. செம்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. பாசியோடு மேல்பூச்சும் எழுத்தின் விளிம்பும் போய்விடும்.

அப்படியானால் அலமாரியில் என்ன வைப்பது? அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுப் பரண் இருக்கிறதே. தானியம் அளந்த வள்ளம், படி, மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைத்த கவலைச் சால், தறியில் ஓடும் நாடா, உடைந்த ஜமுக்காளத் துண்டு, சந்தை ரசீது, பழைய குடும்ப அட்டை, சென்னிமலைச் சொசைட்டிப் பாஸ்புத்தகம். சட்டச் சிக்கல் இல்லை, கையில் எடுத்துப் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் சொல்ல ஒரு பாட்டி உயிரோடு இருக்கிறார். அருங்காட்சியகத்திடம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: பதிவேடு எழுதும் முறை. வரிசை எண், பொருளின் பெயர், யார் கொடுத்தது, எந்த ஊர், எப்போது வரை பயன்பட்டது, எதற்கு, இப்போதைய நிலை. பிள்ளைகளே எழுதட்டும். எழுதும்போதே, "அம்மிச்சி, இதை எந்த வருசம் வரைக்கும் வெச்சிருந்தீங்க?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில், ஊருக்கு மின்சார மோட்டார் வந்த ஆண்டாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

பதிவேடு இல்லாத அலமாரி இரண்டு ஆண்டில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். ஆசிரியர் மாறினார், அறை ஸ்மார்ட் வகுப்பறையானது, சாமான் வராந்தாவுக்கு வந்தது, கரையான் தின்றது என்று கதை ஒன்றுபோலவே முடியும். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் ஏற்றி, சாவி யாரிடம் என்று எழுதிவைத்த பள்ளிகளில்தான் இது நிலைத்திருக்கிறது.

யாருக்கு ஏற்றது: ஊரோடு ஒட்டிய ஆசிரியர் ஒருவராவது இருக்கும் பள்ளி. தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இயங்கும் பள்ளியானால் இன்னும் நல்லது.

கைபேசியில் காட்டுவதையும் ஐந்தாவது வழியாகச் சிலர் சொல்கிறார்கள். தயாரிப்புக்கும் நினைவூட்டலுக்கும் சரி. தாழியின் உயரமும் மையின் ஈரமும் அதில் வராது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பேருந்து | பெட்டி | பாறை | அலமாரி |
|---|---|---|---|---|
| ஊரோடு ஒட்டுதல் | நடுத்தரம் | நாம் கேட்பதைப் பொறுத்தது | மிக அதிகம் | மிக அதிகம் |
| கைக்கு வேலை | குறைவு | அதிகம் | நடுத்தரம் | அதிகம் |
| ஒரே நேரத்தில் | 20 பேர் குழுக்களாக | ஒரு வகுப்பு | 30–40 பேர் | எத்தனை பேரும், முறைவைத்து |
| கண்ணில் படும் செலவு | அதிகம் | குறைவு | நடுத்தரம் | குறைவு |
| மறைந்த செலவு | அவசரம், வீணாகும் பாடவேளை | ஆசிரியரின் தயாரிப்பு நேரம் | பாதுகாப்பு, நில அனுமதி | பராமரிப்பு, சட்டக் கவனம் |
| அடுத்த ஆண்டு மிஞ்சுவது | புகைப்படம் | மைப்படி, பழகிய ஆசிரியர் | நினைவு, குறிப்பேடு | பதிவேடு இருந்தால் எல்லாம் |

## எந்தப் பள்ளி எதை எடுக்கலாம்

பணமும் ஒரு நாளும் மட்டுமே இருக்கிற சாதாரண ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்றால், என் முடிவு பெட்டிதான். பேருந்து வாடகையில் ஒரு பகுதியை வருகிறவருக்குப் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்து, மீதியில் தாளும் மையும் சாந்து மாதிரிகளும் வாங்கினால் அந்தச் சாமான் மூன்று ஆண்டு வரும். இரண்டாம் ஆண்டில் அதே பிள்ளைகளைப் பாறைக்குக் கூட்டிப் போகலாம். எழுத்துப் படிக்கப் பழகியிருப்பார்கள். மூன்றாம் ஆண்டில் பேருந்து. அருங்காட்சியகம் கடைசியில் வருவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றும். ஆனால் கேள்வியோடு போகிற பிள்ளைக்குத்தான் அந்தக் கூடம் பேசும், கேள்வி முதல் இரண்டு ஆண்டில்தான் முளைக்கும்.

நகரத்துக்குள் இருக்கிற மேல்நிலைப் பள்ளி இந்த வரிசையைத் தலைகீழாக்கலாம். அவர்களுக்கு அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு பெரிய பயணத்துக்குப் பதில் சின்னச் சின்னதாகப் பல தடவை போவதே லாபம். தனியார் பள்ளிகளுக்குப் பணம் பிரச்சினை இல்லை, நேரம்தான். தேர்வு அட்டவணை இடம் கொடுக்காவிட்டால் அலமாரியில் தொடங்குங்கள். ஆனால் அலங்காரமாக்கிவிடாதீர்கள். பெற்றோர் வரும் நாளில் மட்டும் பூட்டுத் திறக்கிற அலமாரி யாருக்கும் உதவாது.

எப்போது என்பதற்கும் ஒரு வார்த்தை. மே 18 உலக அருங்காட்சியக நாள் என்று அழைப்பிதழ் வரும், அன்று நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆத்தா வீட்டில் இருப்பார்கள். நவம்பர் 19 முதல் 25 வரையிலான உலகப் பாரம்பரிய வாரம்தான் பள்ளிக்குத் தோது. அரையாண்டுத் தேர்வு நெருக்கமும் அதற்குள் தொடங்கியிருக்காது, காலை வெயிலும் தாங்கும். அந்த வாரத்தில் காப்பாட்சியருக்கு அழைப்புகள் குவியும், அதனால் செப்டம்பரிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் எந்த வகுப்பு, எத்தனை பேர், எந்தப் பாடம் நடந்திருக்கிறது, நம் ஊரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் கிடைத்த பொருள் எது அங்கே இருக்கிறது என்ற நாலும் இருந்தால் பதில் சீக்கிரம் வரும். நாளைக் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையையும் இரண்டாம் சனிக்கிழமையையும் விட்டுவிடுங்கள், அரசு அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.